ஒரே மருந்து, இரண்டு மண்

காலை 6.20. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டியில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார் ராஜேந்திரன். போன மாதம் அவரும், கடலூரில் இருக்கும் அவருடைய மச்சான் செல்வமும் ஒரே பூச்சிமருந்தை ஒரே நாளில் கத்தரிக்கு அடித்திருந்தார்கள். இருவர் மண்ணையும் எங்கள் ஆய்வகத்தில் சோதித்தது நான்தான். முடிவுத் தாள்கள் என் பையில் இருந்தன.

“நம்ம களிமண்ணு கெட்டி மண்ணு மேடம். மருந்து இந்நேரம் செத்துப் போயிருக்கும்” என்றார். கத்தரியைப் பிடுங்கிவிட்டுக் கீரை விதைக்க நிலத்தை ஓட்டியும் வைத்திருந்தார்.

“ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டே சொல்றேன்” என்றேன்.

வெள்ளாற்றுப் பாலம்வரை ஈர வயல்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மண் வெளுத்து, சவுக்குத் தோப்புகள் வந்தன. ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள் பூமி இப்படி மாறிப்போவது எனக்கு எப்போதுமே வேடிக்கைதான்.

8.05. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் தேவனாம்பட்டினம் பக்கம் போனோம். செல்வத்தின் மனைவி கஸ்தூரி தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். மருந்தடித்த நாளிலிருந்து கொல்லை அடிபம்புத் தண்ணீரை வீட்டில் யாரையும் அவர் குடிக்க விடவில்லை.

“மணல்ல மருந்து நிக்காதுன்னு இவரு பெருமையா சொல்றாரு. நிக்கலன்னா எங்க போச்சு? கீழ தண்ணிக்குத்தான போவும்?” என்றார், வாசலில் நின்ற கணவரைக் காட்டி.

சரியான கேள்வி. அதற்காகவே அந்தத் தண்ணீரையும் சோதித்திருந்தேன். தாளைப் பிரித்தேன். செல்வத்தின் மண்ணில் மருந்து இல்லை, தண்ணீரிலும் இல்லை. செல்வம் வருடாவருடம் கொட்டிய சாணி எரு மருந்தைக் கீழே இறங்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும்; எருவில் பெருகிய நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்திருக்க வேண்டும்.

கஸ்தூரி பம்பை அடித்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். பிறகு எங்களுக்கும் கொடுத்தார்.

“மாமா மண்ணு எப்படி?” என்றார் செல்வம்.

“களிமண்ணு மருந்தைத் தன் மேலயே ஒட்ட வச்சிக்கும். நுண்ணுயிருக்கு லேசுல விட்டுக் குடுக்காது. இன்னும் இருக்கு. இப்ப விதைச்சா கீரையில ஏறிடும்.”

ராஜேந்திரன் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். “நல்லவேளை, விதை போடல” என்றார்.

“மருந்து போற வரைக்கும் கீரைக்கு இங்க வாங்கண்ணே” என்று கஸ்தூரி சிரித்தார்.

பிற்பகல் 1.15. திரும்பும் வண்டியில் ராஜேந்திரன் மனைவிக்கு போன் செய்து விதைப்பைத் தள்ளிப்போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “எவ்ளோ நாளாவும்?” என்று கேட்டார்.

“மறுபடி மண்ணு எடுத்துப் பாத்தாதான் தெரியும்.”

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. சாப்பாடு நம்ம வூட்லதான்” என்றவர், சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: “கீரை மட்டும் இருக்காது.”