வாழ்த்து மடலில் நான் அடித்த வரி

சுரங்க நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிப்பதிவேடுகளைக் கட்டிக் காத்தவன் நான். இறப்புச் சான்றிதழ் வரும்வரை யாரையும் சாக விட்டதில்லை. பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் யாரையும் பிறக்க விட்டதும் இல்லை. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் சுரங்க நகரியத்திலுள்ள ஓய்வுபெற்றோர் சங்கம் ஒன்று என்னைச் செயலாளர் ஆக்கியது. ரப்பர் ஸ்டாம்பு, மினிட்ஸ் புத்தகம் எல்லாம் மறுபடி கைக்கு வந்தன. அவற்றின் தைரியத்தில் ஒரு மனிதருக்கு நான் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு கலைஞருக்குச் சால்வை போடுவோம். அந்த வருடம் ஒரு குணச்சித்திர நடிகருக்கு என்று முடிவாயிற்று. நகரியத்திலேயே வளர்ந்தவர். அப்பா பக்கத்துக் கிராமத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். மகன் அந்த வேலையை வேண்டாம் என்று சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார். வாழ்நாள் முழுக்க சினிமாவில் இருந்துவிட்டு, மனைவி இறந்தபின், இங்கே ஆசிரியையாக இருக்கும் மகளின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருந்தார். அவர் முகம் எல்லோருக்கும் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது. கான்ஸ்டபிள், நிலத் தரகர், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து உதட்டைப் பிதுக்கும் டாக்டர்.

மேடையில் படிக்கும் வாழ்த்து மடலை எழுதுவது என் பொறுப்பு. விவரம் சேகரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். யாரும் கேட்காமலே ஒரு படிவமும் தயாரித்திருந்தேன். நடித்த படங்களுக்கு ஆல்பத்தில் போட்டோக்கள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டேன். "வேற ஏதாவது உண்டுங்களா?" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"மூஞ்சியத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே சார். நான் பொழச்சது வாயால, டப்பிங் பேசி. வெளியூர்லேர்ந்து வில்லனுங்க வருவானுங்க, ஒரு வார்த்த தமிழ் தெரியாது. கத்தறது, சிரிக்கிறது, ஹீரோவ மெரட்டறது எல்லாம் நான்தான். வருஷக்கணக்கா பேசிக்கினு கெடந்தேன். மத்தத வுட்டாலும் வுடுங்க, அத ஒரு வரி போட்டுடுங்க."

"எந்தப் படத்திலயாவது டைட்டில்ல உங்க பேரு வந்திருக்கா?"

"அப்பல்லாம் போட மாட்டாங்க சார். போட்டா வில்லனோட கெத்து போயிடும்ல?"

"ஏதாவது கடிதம்? ஒப்பந்தம்?"

"வாடான்னுவாங்க, போவேன். யூனியன் கார்டு இருக்கு, அது ஆவுமா?"

கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். "நீங்க மெம்பர்னுதான் இது சொல்லுது. இன்ன படத்துல இன்னாருக்குப் பேசினீங்கன்னு சொல்லலையே."

சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தார். "பேசித்தான் காட்டுங்களேம்ப்பா."

அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். அந்தச் சத்தம் மைக்கில் விழும் என்ற பழக்கம். மைக் ஏது அங்கே? சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து ஆரம்பித்தார். முதல் வாக்கியத்துக்கு என் முதுகு நிமிர்ந்தது. அவருடைய சின்ன உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல். இரண்டாவது வாக்கியத்தில் அது உடைந்தது. சிரிக்க முயன்றார், இருமலாக வந்தது. மகள் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"இன்னொரு டேக் போலாம் சார்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"வேண்டாங்க. எப்படிப் பேசினாலும் இது ரெக்கார்டுல சேராது," என்றேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் படிவத்தின் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து வரைவு எழுதியபோது, 'பல வில்லன்களுக்குக் குரல் தந்தவர்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பிறகு அதை அடித்து, ஓரத்தில் 'ஆதாரம் இல்லை' என்று குறித்தேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, ஒரு சால்வைக்கா இத்தன விசாரணை? பென்ஷனா சாங்ஷன் பண்றீங்க?"

"நாளைக்கு எவனாவது எழுந்து கேட்டா?"

"உங்கள மாதிரி இன்னொருத்தர் இருந்தாத்தானே கேக்கறதுக்கு."

விழாவில் மடலை நான்தான் படித்தேன். மேடையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடித்த வேடங்கள் முடிந்தன. அவர் தலையைச் சற்றே முன்னால் நீட்டினார். நான் 'பல்லாண்டு வாழ்க' என்று முடித்தேன். கண்ணைத் திறந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், இன்னும் ஒரு பக்கம் இருக்கிறதோ என்று பார்ப்பவர் போல. பிறகு எல்லோரோடும் சேர்ந்து அவரும் கைதட்டினார்.

செருப்பு மாட்டும் இடத்தில் மகள் என்னிடம் வந்தார். "அப்பா சால்வைக்கு வரல சார். அந்த ஒரு வரிக்குத்தான் வந்தாரு."

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கேம்மா," என்றேன். எந்த விதிமுறை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சால்வை போடுவதற்கு உலகத்தில் எங்கும் விதிமுறை கிடையாது.

அடுத்த மாதம் ஒரு மதியம் டிவியில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. வில்லன் வாயைத் திறந்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்று சுவரைப் பார்த்துப் பேசிய அதே குரல். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்தும் அதே முறை. செல்போனில் அந்தக் காட்சியைப் பதிவு செய்துகொண்டு வெயிலில் வண்டியை எடுத்தேன். ஆதாரம் கிடைத்துவிட்டது; செயற்குழுவில் வைத்து, திருத்திய மடலை முத்திரையோடு கொடுத்துவிடலாம். வழியெல்லாம் தீர்மானத்தின் வாசகத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

அவர் செல்போனைக் காதோரம் வைத்து இரண்டு தடவை கேட்டார். முகம் மலர்ந்தது.

"என்னமா பேசியிருக்காரு பாருங்க! ஆனா இது நான் இல்லீங்க சார்."

செல்போனை வாங்கி இன்னொரு தடவை ஓடவிட்டேன்.

"ஆமான்னுதான் சொல்லுங்களேம்ப்பா," என்றார் மகள். "சாரே வூடு தேடி வந்து குடுக்கறாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அதெப்படிம்மா? இதப் பேசினவரு செத்தே ரொம்ப வருஷமாச்சு. அவரு பேரும் எங்கியும் கெடையாது. அத நான் தூக்கிக்கினா அவருக்கு என்னா மிஞ்சும்?"

என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்துபோகவும் முடியவில்லை. கையில் தூக்கிக் கொடுத்ததையே வேண்டாம் என்று தள்ளுகிற மனிதர், இல்லாததைச் சொல்லியா என்னிடம் ஒரு வரி கேட்டிருப்பார்? பேனாவை எடுத்தேன்.

"நீங்க பேசின படங்களச் சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன். ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இப்ப எதுக்கு சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அன்னைக்குப் படிச்சிருந்தா மைக்குல வந்திருக்கும், நாலு பேரு கேட்டிருப்பாங்க. இனிமே நீங்க எழுதி நான்தான் படிக்கணும். எனக்குத்தான் தெரியுமே."

கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வெயில் தாழ்ந்ததும் போகக்கூடாதா என்று கேட்டார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, "இல்லீங்க, வேலை இருக்கு," என்று பொய் சொன்னேன்.