காதர் பாய் வாங்கிக்கொள்ளாத கெளுத்தி

நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது வெற்றிலைக்கடை முனியப்பன் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நானே எழுந்து போனேன். "தையக்கடை பாய் போயிட்டாருங்க. மிசினை மிதிச்சுக்கிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு" என்றான். வகுப்பை யாரிடம் ஒப்படைத்தேன், எந்தத் தெரு வழியாகப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நானும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

ஓசூர் கடைத்தெருவில் சட்டை தைத்துக்கொண்ட எவருக்கும் காதர் பாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சொன்ன தேதியில் அவர் துணி கொடுக்கமாட்டார் என்பதும் ஊரறிந்த சங்கதி. தீபாவளிக்குக் கொடுத்த துணி பொங்கலுக்கு வரும். கோபித்துக்கொண்டால், "பொங்கலும் பண்டிகைதானே வாத்தியாரே, அன்னைக்குப் போட்டுக்கங்க" என்பார். இப்படிப்பட்ட மனிதர் ஆற்றுக்கு மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை. சித்திரையில் பெண்ணையாறு வற்றி மடு மடுவாக நிற்கும்போது தூண்டிலில் சின்னத் தவளையைக் கோத்துக்கொண்டு விரால் மீனுக்கு உட்காருவார். அதற்கப்புறம் கேழ்வரகுக் களியை உருட்டி எடுத்துக்கொண்டு கெண்டைக்குப் போவார். மைசூர் ராஜ்யத்தில் மழை கொட்டி, ஆறு செம்மண் நிறத்தில் இறங்கும்போது கெளுத்தி. அதற்கு மண்புழு. புதுத்தண்ணி வந்துவிட்டதென்று தெரிந்தால் கல்யாண வீட்டுத் துணியாக இருந்தாலும் அப்படியே கிடக்கும்.

எங்கள் வீட்டில் மீன் நுழையாது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சுத்துணைக்கு நானும் கிளம்பிவிடுவேன். "வாத்தியார் கூட இருந்தா மீனுக்குப் பயம் விட்டுப்போவுது, கிட்ட வருது" என்று கிண்டல் செய்வார். கழுத்தில் தொங்கும் அளவு நாடா ஆற்றங்கரையிலும் இறங்காது. பிடித்த மீனை அதை வைத்து அளந்து பார்த்து, "இதுக்கு அரைக்கை சட்டை போதும்" என்பார். நான் சிரித்தால் அவருக்கு அன்றைக்கு வேறு மீன் வேண்டாம்.

தொரப்பள்ளியைத் தாண்டி ஓரிடத்தில் ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகிப் போகிறது. இந்தப் பக்கத்துப் பாறை காதர் பாயுடையது. எதிர்ப்பாறையில் நஞ்சேகவுடர் உட்காருவார். அந்தக் கரையில் கேழ்வரகும் அவரையும் போடுகிற விவசாயி. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். வாத்தியாரே என்பதற்கு மேஷ்ட்ரே என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஒரு கோடையில் கெளுத்தியின் முள் அவர் உள்ளங்கையில் ஏறி ஒடிந்துவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் தோள் வரைக்கும் கடுக்கும் என்கிறார்கள். காதர் பாய் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்த தையல் ஊசியால் முள்ளை எடுத்துவிட்டார். "துணியா இருந்தா இன்னும் சுத்தமா எடுத்திருப்பேன் கவுடரே" என்றாராம். அன்று தொடங்கியது அவர்கள் சிநேகிதம்.

அந்தப் பாறைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுத்தண்ணியில் முதலில் எந்தக் கரைக்குக் கெளுத்தி கிடைக்கிறதோ, அந்தக் கரைக்காரன் அதைத் தின்னக்கூடாது. எதிர்க்கரைக்குக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளத்தில் நடந்து கடக்க முடியாது. ஆகவே கயிற்றின் ஒரு முனையில் கல்லைக் கட்டி எதிர்ப்பாறைக்கு வீசுவார்கள். மறுமுனையில் மீன். அங்கே இருப்பவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்வார். இது எப்போது யார் தொடங்கியது என்று தெரியாது. "நமக்கு முதல்ல கிடைச்சதுன்னு நாமளே தின்னுட்டா, அப்புறம் ஆத்துக்கிட்ட எந்த மூஞ்சியோட கேக்கறது?" என்பார் காதர் பாய். ஒரு வருஷம் இவர் வீசுவார், ஒரு வருஷம் அவர் வீசுவார். வாங்கியவர் வீட்டில் அன்று குழம்பு.

கிருஷ்ணகிரிப் பக்கம் அணை வேலைக்கு லாரிகள் ஓடத் தொடங்கியிருந்த காலம். அந்த வருஷத்துப் புதுத்தண்ணியில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கெளுத்தி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் மீனைத் தூக்கிக் காட்டினார்கள். "என்னுதுதான் முந்தி" என்று இவர். "நம்மது முந்தி" என்று அவர். யாருடையது முந்தி என்று என்னைக் கேட்டார்கள். நான் அப்போது கூஜாவிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டிருந்தேன், சத்தியமாகப் பார்க்கவில்லை. முந்தியவர் கொடுக்க வேண்டும், பிந்தியவர் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் கல்லை வீசினார்கள். இரண்டு கயிறும் எதிரெதிர்ப் பாறையில் போய் விழுந்தன. குனிந்து எடுக்க ஆளில்லை, எடுத்தால் தான் பிந்தியதாக ஒப்புக்கொண்டதாகிவிடுமே! கயிற்றில் கட்டிய மீன்களையும் தண்ணீரில் இறக்கிவிட்டு, "இழுங்க, இழுங்க" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு நின்றார்கள். நடு ஆற்றில் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. கடைசியில் கயிறும் போயிற்று, இரண்டு கெளுத்தியும் போயிற்று.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். "குடுக்கறதுன்னா முன்னாடி வர்றீங்க. வாங்கறதுன்னா உங்க கை நீளாதா பாய்?" என்று கவுடர் சத்தம் போட்டார். "வாங்கற கை உங்களுதாவே இருக்கட்டும் கவுடரே" என்றார் இவர். அந்த வார்த்தை தப்பு. செத்துப்போனவர், என் சிநேகிதர் என்பதற்காக அதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். நிலபுலத்தோடு மானமாக வாழ்கிற மனுஷனைப் பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சா அது? கவுடர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார்.

அதன் பிறகு பேச்சு இல்லை. காதர் பாய் இடத்தை மாற்றிக்கொண்டு மேலே ஒரு மணல்திட்டில் போய் உட்கார்ந்தார். அங்கே ஆரல் குஞ்சுகூடக் கிடைக்காது. "மீன் நல்லா இருக்குது" என்று பிடிவாதமாகச் சொல்லுவார். மறு வருஷம் புதுத்தண்ணி வந்தபோது கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு தடவைதான் ஊர்க்காரர்களுக்குச் சொன்ன நாளில் துணி கிடைத்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த வருஷம் ஆடியில் என் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "புதுத்தண்ணி வரட்டும் வாத்தியாரே. நம்ம பாறைக்கே போவலாம். நான் தூண்டிலே எடுத்துக்கிட்டு வரப்போறதில்லே. சும்மா நிக்கறேன். அவரு பிடிச்சு வீசித்தானே ஆவணும்? ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இப்போதே போய்க் கவுடரிடம் சொல்கிறேன் என்றேன். "ஐயய்யோ, வேணாங்க. நீங்க போய்ச் சொன்னா அது பஞ்சாயத்து. நான் வாங்கினாத்தான் வாங்கினது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மழை இந்த வருஷம் தள்ளிப் போயிற்று. பெங்களூரிலிருந்து வருகிற பஸ்ஸில் யார் இறங்கினாலும் அங்கே மழை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்தும் ஆறு நகரவில்லை. அதற்குள் இவர் போய்விட்டார்.

அடுத்த சந்தை நாளன்று நஞ்சேகவுடர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடை சாத்தியிருப்பதைப் பார்த்து முனியப்பனிடம் கேட்டிருக்கிறார். புளியமரத்தடிக்கு அழைத்துப்போய், காதர் பாய் என்னிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாரா வாரம் சந்தைக்கு வந்தேன் மேஷ்ட்ரே. அவர் கடை முன்னாலதான் போவேன். ஒரு எட்டு உள்ள போயிருக்கலாம். தண்ணி வரட்டும், தண்ணி வரட்டும்னே இருந்துட்டேன்" என்றார். பிறகு, "நானும் இந்த வருஷம் தூண்டில் எடுக்காமத்தான் போறதா இருந்தேன். பாய் வீசட்டும், வாங்கிக்கலாம்னு" என்றார்.

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே அது உறைத்தது. "அப்போ யாரு பிடிக்கறது மேஷ்ட்ரே?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

காதர் பாயின் அளவு நாடாவும் தூண்டிலும் அவர் வீட்டில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது நான் பார்க்கக் கிடைக்காத ஒரு காட்சிதான். செம்மண் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இரைந்து போகிறது. இந்தக் கரையில் அவர், அந்தக் கரையில் கவுடர். இரண்டு பேரும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.