சாதாரணமாக வசிக்காதவன்

சங்கரன்கோவிலில் காலையில் டீக்கடைக்குப் போகிற வழியில் எதிரே வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எப்ப வந்திய? எப்பப் போறிய?" இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுவதில்லை. முதல் பாதிக்கு நான் வாய் திறப்பதற்குள் இரண்டாம் பாதி வந்துவிடும். டென்மார்க்கில் இருபத்தைந்து வருடம் இருந்தேன். அங்கே ஒருவரும் என்னிடம் எப்போது போகிறாய் என்று கேட்டதில்லை. மனதில் நினைத்திருப்பார்கள், கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று பேசாமல் இருந்திருப்பார்கள். பிறந்த ஊரில் அந்தக் கவலை யாருக்கும் கிடையாது. வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டு வேறு நாட்டில் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று திட்டம் போடும் நண்பர்களே, முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வரி, காப்பீடு, வாடகை எல்லாம் அதற்குப் பிறகு. நான் தலைகீழாகச் செய்தேன்.

வேறு நாடு என்று நான் சொன்னதில் தப்பில்லை. அப்பா இந்த ஊரில் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்துக்கு நடுவே பாடம் படித்த நான், டிப்ளமோ முடித்து, தறி பழுதுபார்க்கும் வேலையைப் பிடித்துக்கொண்டே ஹெர்னிங் என்கிற ஊர் வரைக்கும் போய்விட்டேன். அங்கேயும் துணி நெய்கிறவர்கள்தான். ஆனால் தறிக்கூடத்தில் ஒருவரும் கத்திப் பேச மாட்டார்கள். கம்பெனி வேலையாக நாடு நாடாகப் போகும்போதெல்லாம் விசாவுக்கு வரிசையில் நின்று சலித்து, ஒரு கட்டத்தில் அந்த நாட்டுக் குடியுரிமையையே வாங்கினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, நாள் போய்விட்டது. ஐம்பத்து மூன்றாம் வயதில் வேலையை விட்டேன். ஆக, சட்டப்படி நான் ஒரு டென்மார்க்காரன். ஓய்வுக் காலத்தைக் கழிக்க ஒரு வெளிநாட்டைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வெளிநாட்டில் என் அக்கா முத்துலட்சுமியின் வீட்டு மாடி காலியாக இருந்தது.

இரண்டு நாடுகளும் என் விஷயத்தில் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. இரண்டுக்குமே ஆறு மாதம்தான் எல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் டென்மார்க் தன் குடியிருப்புப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடும். பெயர் போனால் மஞ்சள் அட்டையும் போய்விடும். மஞ்சள் அட்டை என்பது அங்கே மருத்துவரைப் பார்க்கக் காட்டும் சின்ன பிளாஸ்டிக் அட்டை. அதைக் காட்டித்தான் என் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே வரும்போது பணம் எங்கே கட்டுவது என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. வண்டி நிறுத்தத்துக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, அது இலவசம் என்றாள். அன்று வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அந்த நாட்டின் மேல் எனக்குள்ள பிரியம் அந்த அட்டை அளவுக்குத்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அந்த அட்டை சின்னது இல்லை.

இந்தியப் பக்கம் வேறு பயம். ஒரு நிதியாண்டில் ஆறு மாதக் கணக்கைத் தொட்டுவிட்டால் இங்கே 'ரெசிடென்ட்' ஆகிவிடுவோம், பிறகு உலகத்தில் எந்த மூலையில் பைசா முளைத்தாலும் இங்கே வரி கட்ட வேண்டும், அத்தோடு ஆள் அம்பேல் என்று ஹெர்னிங் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வேலை குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பது. ஆனாலும் எழுதிய தோரணையில் எல்லோரும் நம்பினோம். அதனால் நான் வருடா வருடம் அங்கே இலை உதிரத் தொடங்கும்போது புறப்பட்டு வந்து, இங்கே பங்குனி வெயில் ஏறும்போது ஓடிவிடுவேன். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். ஆனால் இரண்டு காலையும் கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன்.

முதல் முறை அப்படிக் கிளம்புமுன் ஹெர்னிங் நகராட்சிக்குப் போனேன். அவர்கள் அதைக் கொம்யூன என்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், உங்கள் வீடு எங்கே என்று கேட்டாள். இங்கே ஒரு வாடகை வீடு, அங்கே அக்கா வீட்டு மாடி என்றேன். இதில் எதில் வசிக்கிறீர்கள் என்றாள். இரண்டிலும் என்றேன். எனக்கு டேனிஷ் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். நானும் அதே பதிலை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். அவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு முகவரிக்குத்தான் கட்டம் இருந்தது. "மனிதர் ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் வசிக்க முடியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நான் ஹெர்னிங் முகவரியைச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

இந்தப் பின்னணியோடுதான் சங்கரன்கோவில் டீக்கடையில் சண்முகம் போன மாசியில் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, எப்பப் போறிய?" டேனிஷ்காரர்களோடு இருந்து இருந்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. கேள்வி கேட்டால் முழுப் பதில் சொல்வேன். தேதியைச் சொன்னேன். அதோடு நிற்காமல், அந்தத் தேதிக்கு மேல் இருந்தால் வரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று காரணமும் சொன்னேன். சண்முகம் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "சூதானமா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லி டீயைத் தந்தார். அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அதே மாசியில்தான் அக்கா மகள் அபிராமிக்குத் திருவேங்கடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. வந்தது என்று ஊருக்குச் சொன்னோம். பையன் அவளோடு கல்லூரியில் படித்தவன். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைப் போலவே அவனைக் கொண்டுவந்து சேர்க்க இருவரும் இரண்டு வருடம் பாடுபட்டிருந்தார்கள். சாதகம் பொருந்தியது, பெண் பார்த்தாயிற்று, பலகாரம் சாப்பிட்டாயிற்று. மிச்சம் இருந்தது விசாரிப்பு. பெண் வீடு எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் தெருவில் வந்து சாடைமாடையாக விசாரிப்பது இங்கே எழுதப்படாத சட்டம். பையனின் பெரியப்பா, திருவேங்கடத்தில் உரக்கடை வைத்திருப்பவர், சண்முகத்தின் கடையில் வந்து ஒரு டீ சொன்னார். அபிராமியின் அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. எனவே விசாரிக்கப்பட வேண்டிய ஆண்பிள்ளை நான்தான், தாய்மாமன்.

"நான் உங்களைப் பத்தி நல்லாத்தான் சொன்னேன் அண்ணாச்சி" என்று சண்முகம் பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தார். "தங்கமான மனுசன், பீடி சிகரெட் கிடையாது. ஆனா மார்ச்சுக்குள்ள ஊரை விட்டுப் போயிரணும், இல்லேன்னா கவர்மெண்டு பிடிச்சிரும்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. திருவேங்கடத்தில் என்னென்ன பேசினார்களோ தெரியாது. இங்கே வந்து சேரும்போது நான் கேஸில் மாட்டியவனாகவும், டென்மார்க்கில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்காவை ஏமாற்றுகிறவனாகவும் ஆகியிருந்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் பெரியப்பா நாசூக்கானவர். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிச்சயத்துக்கு ஒரு தேதி மட்டும் சொல்லி அனுப்பினார். பங்குனி கடைசியில், நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் தள்ளி. கல்யாணம் வைகாசியில்தானே, நிச்சயத்துக்குப் பங்குனி பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் எதிரே உட்கார்ந்து தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். இருக்கிறானா ஓடுகிறானா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. வருமான வரித் துறைக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

அக்கா மாடி ஏறி வந்தாள். முழங்கால் வலிக்காரி, மாடி ஏறினாள் என்றால் விஷயம் பெரிது.

"ஏலே நாயகம், உள்ளதைச் சொல்லு. அங்கன யாரையும் வச்சிருக்கியா?"

"நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கேன். வேற யாரும் இல்லக்கா."

"கேலியா பண்ணுத? எம் பிள்ள வாழ்க்கை தொங்கிட்டு நிக்கி. எப்பப் போறேன்னு கேட்டா, 'பாப்போம்'னு சொல்லணும்லே. தேதியச் சொல்லுவாகளா யாராவது?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஆறு மாதத்தைத் தாண்டி இருந்தால் அங்கே பெயர் போய்விடும், மஞ்சள் அட்டை போய்விடும், இந்த நெஞ்சுக்கு மறுபடி ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று அக்காவிடம் கத்தினேன். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அபிராமி மேலே வந்தாள். கீழே எல்லாம் கேட்டிருக்கிறது.

"மாமா, நீங்க போயிட்டு வாங்க. டாக்டரப் பாக்கணும்லா. அவன் வீட்ட நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு வருடம் பாடுபட்ட பெண் இதைச் சொல்கிறாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கொடியில் காய்ந்த என் வேட்டியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஒருவேளை கிளம்பியிருப்பேன்.

மறுநாள் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. வாட்ஸ்அப் குழு இலவசம். ஆடிட்டர் அபிராமியைவிட நாலைந்து வயது பெரிய பெண். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் வருசா வருசம் ஓடுதிய?" என்றார்.

"ரெசிடென்ட் ஆயிருவேன்லா?"

"ஆவிய. ஆனா இத்தனை வருசமா நீங்க இங்கன ரெசிடென்ட்டே கிடையாது. அதனால மொத ரெண்டு வருசத்துக்கு உங்களுக்கு வேற பேரு. ரெசிடென்ட் பட் நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட். அதுவரைக்கும் நீங்க அங்கன சம்பாதிச்சு அங்கனயே வாங்குத வருமானத்துல இங்கன கை வைக்க மாட்டாவ."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஊரோட ஒண்ணு. அங்கன கட்டுன வரியக் கழிச்சுக்கிட ஒப்பந்தம் இருக்கு. மிச்சத்தக் கட்ட வேண்டியதுதான். எல்லாரும் கட்டலியா?"

அந்த நீளமான பெயரை வீட்டுக்கு வந்து அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். வசிப்பவன், ஆனால் சாதாரணமாக வசிக்காதவன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ சாதாரணமா என்னைக்கு இருந்திருக்க? கவர்மெண்டுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள். இருக்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு இரவு எனக்கு இரண்டு அப்பளம் அதிகம் விழுந்தது.

வரிப் பயம் போய்விட்டது. நண்பர்களே, உங்கள் கணக்கு வேறாக இருக்கும், உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், குளிர்பதனப் பெட்டிக்காரரைக் கேட்காதீர்கள். ஆனால் மஞ்சள் அட்டைக்கு எந்த ஆடிட்டரும் வழி சொல்லவில்லை. மாடியில் உட்கார்ந்து கணினியில் கொம்யூனுக்கு என் புறப்பாட்டை நானே பதிந்தேன். புதிய முகவரி கேட்டது. ஒரே கட்டம்தான் இருந்தது. சங்கரன்கோவில் என்று தட்டினேன். உங்கள் புறப்பாடு பதிவாகிவிட்டது என்று உடனே பதில் வந்தது. இருபத்தைந்து வருடத்தில் அந்த நாடு என்னிடம் முதல் முறையாக எப்போது போகிறாய் என்று கேட்ட மாதிரியும், நானே முந்திக்கொண்டு பதில் சொன்ன மாதிரியும் இருந்தது. அட்டையை எறிய மனசு வரவில்லை. பர்ஸில் அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். இப்போது நெஞ்சு லேசாக இழுத்தால்கூடப் பயமாகத்தான் இருக்கிறது. மதுரையில் ஒரு மருத்துவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே பணம் எங்கே கட்டுவது என்று கேட்க வேண்டியதே இல்லை, அவர்களே கேட்கிறார்கள்.

நிச்சயத்தன்று பெரியப்பா என் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். தட்டு மாற்றிக்கொண்டோம். அவர் என் கையைப் பிடித்து, "நாங்க சும்மா ஒரு பேச்சுக்குத்தான் தேதி சொன்னோம் அண்ணாச்சி. நீங்க போயிட்டே வந்திருக்கலாம்" என்றார். நானும் சிரித்தேன். டென்மார்க்கில் இருந்தபோது இப்படிச் சிரிக்க எனக்குத் தெரியாது.

வைகாசியில் கல்யாணம். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் மாப்பிள்ளை, பெண் படத்துக்குக் கீழே நான். கம்பளித் தொப்பி, கழுத்து வரை மூடிய கோட்டு, பின்னால் இடுப்பளவு பனி. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'தாய்மாமன் டென்மார்க் கோமதிநாயகம் அவர்கள் அன்புடன் அழைக்கிறார்'. நான் அக்காவை ஓரமாக அழைத்து, "இப்ப நான் டென்மார்க் இல்லக்கா, அங்கன பேரே எடுத்தாச்சு" என்றேன். "மாப்பிள்ள வீட்டுல சொல்லித்தான் போட்டுருக்கு. அவிய பெரியப்பாதான் படம் கேட்டு வாங்குனாரு. தாய்மாமன் டென்மார்க்குன்னாத்தான எடுப்பா இருக்கும்? போ, போய் வாசல்ல நில்லு" என்றாள்.

போய் நின்றேன். பட்டு வேட்டி, வெற்று மார்பில் துண்டு, கையில் சந்தனக் கிண்ணம். ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. பனவடலிசத்திரம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெரியவர், தூரத்து உறவாக இருக்க வேண்டும், என்னிடம் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் அண்ணாந்தார்.

"டென்மார்க்குக்காரரு வந்துட்டாரா?"

"வந்துட்டாரு" என்றேன்.

"எப்பப் போறாராம்?"

என் தலைக்கு மேலே பனியில் நின்றவனைப் பார்த்தேன். அவனுக்கு வேர்க்கவில்லை.

"பாப்போம் அண்ணாச்சி" என்றேன். "நீங்க மொதல்ல சாப்பிட வாங்க."