சவப்பெட்டிமேல் விழுந்து அழுதவள்

பெர்லினில் நோய்க்கோல்ன் பக்கம் குடியிருந்த ஓட்டிலிக்குப் படப்பிடிப்பில் அழுவதுதான் பிழைப்பு. கூட்டத்தில் ஒருத்தியாக நின்று அழுவாள், கூலியை வாங்குவாள், உருளைக்கிழங்கோடு வீடு திரும்புவாள். புருஷன் லோதாருக்குப் போர்முனையில் குண்டு வெடித்ததில் காது இரண்டும் போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் பழக்கி அனுப்பினார்கள். தூக்கத்தில் அலறுவான், அந்த அலறல் தெருவுக்கே கேட்கும், அவனுக்கு மட்டும் கேட்காது.

ஒருநாள் அவளுக்கு யோகம் அடித்தது. விதவை வேஷம். சவப்பெட்டிமேல் விழுந்து அழ வேண்டும். முகம் திரை முழுக்க வரும். அன்றைக்குப் பார்த்துக் கண்ணீர் வரமாட்டேன் என்றது.

"வாய்க்கு வந்ததைச் சொல்லி அழு தாயி, யாருக்குக் கேக்கப் போவுது? வசனத்தை அட்டையில எழுதித் திரையில நாங்க காட்டிக்கிறோம்," என்றார் இயக்குநர்.

ஊமைப்படத்தில் எல்லாரும் அப்படித்தான். காதல் காட்சியில் கட்டிப்பிடித்தபடி மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும். ஓட்டிலியோ முந்தின ராத்திரி கண்மூடாதவள்.

"செத்துத் தொலைஞ்சியா, செவிட்டுப் பொணமே! இனியாச்சும் நான் நிம்மதியாத் தூங்குவேன்!"

சொன்னதும் பொலபொலவென்று கொட்டியது கண்ணீர். இயக்குநர் கைதட்டினார். அவளும் அதை மறந்துபோனாள்.

படம் வந்தது. லோதாருக்குச் சினிமாக் கொட்டகை என்றால் உயிர். அங்கேதான் அவன் மற்றவர்களுக்குச் சமம். ஞாயிறு மத்தியானம் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிலியோடு போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடைக்கார போர்ஹெர்ட்டிடம், "இன்னிக்கு அழப்போறது என் பொண்டாட்டிங்க," என்று பீற்றிக்கொண்டான்.

திரையில் தன் முகம் வந்தபோதுதான் ஓட்டிலிக்கு நினைவு வந்தது. அட்டையில், 'என் உயிரே, என்னைத் தனியே விட்டுப் போனீரே!' கொட்டகையே விம்மியது. லோதார் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தான். போர்ஹெர்ட் அவன் தோளைத் தட்டி, உதடு தெரியும்படி திரை வெளிச்சத்தில் திரும்பிச் சொன்னார்:

"குடுத்து வச்ச ஆளுய்யா நீ. இம்மாம் பாசம் எவளுக்கு வரும்?"

"ஆமாங்க," என்றான் லோதார்.

அந்த ஒரு சொல்லில் அவள் கூனிக் குறுகிப்போனாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்தாள். "சும்மா சொன்னது லோதார், அழுகை வரலைன்னு..." அவன் டிராம் வரும் திசையைப் பார்த்து நின்றான். சும்மா சொன்னதில்லை என்று அவளுக்கே தெரியும். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "மன்னிச்சிடு," என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.