நம் வீட்டில் பழுத்த கற்கள்

பிள்ளைகளா, அந்தச் சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. இதை நேரில் சொன்னால் சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விடுகிறாள். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

பவளம் வளரும் கடல் தொட்டி வேண்டும் என்று கேட்டது சின்னவள். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். சீசனில் ஜீப்பை எடுத்தால் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கு ஹாஸ்டல் சமையல். ஆகவே நிறம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது என்றேன்.

அதற்கு யோசனை சொல்ல ஆள் நம்மிடமே இருந்தான். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கடைவீதியில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவன், நீங்கள் மாமா என்று கூப்பிட்டவன். ஞாயிறு தவறாமல் வந்து நம் வீட்டில் சாப்பிட்டபடியே திட்டம் போட்டான்.

"மீனு கொறஞ்சா சோலி கொறையும், மாப்ள. கோமாளி மீனு ரெண்டு போதும். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டுறாத."

பவளத்திலும் முரட்டு வகைதான் வாங்க வேண்டும் என்றான். புல் மாதிரி ஆடும் பச்சை, ஆரஞ்சுப் பொத்தான் பவளம், ஊதாக் காளான் பவளம். எல்லாம் பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகள், கடலில் உடைத்தது இல்லை. எது எங்கே என்பதைச் சின்னவள் கிரேயானில் வரைந்து வைத்தாள். மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத் தண்ணீரைக் குளிர்விக்க மெஷின் வேண்டும், நமக்குச் சூடாக்கினால் போதும் என்று பெரியவன் கண்டுபிடித்துச் சொன்னான். தொட்டியை ஜன்னலோரம் வைக்கலாம் என்றேன் நான். கடைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும், அங்கேதான் கதகதப்பு நிற்கும் என்றான்.

"என் கடையில குளிருக்கு ஒண்ணும் தேற மாட்டேங்குது. ஒன் வீட்டுச் செவரு அருமையான செவருடா."

அன்றைக்கு அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கல்தான். சிமெண்டு மாதிரி வார்த்த வெள்ளைத் துளைக்கல். அதை உப்புத் தண்ணீரில் மாதக் கணக்கில் ஊறப்போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தத் துளைகளில் குடியேறிவிட்டால், பிறகு தண்ணீரை அவையே சுத்தமாக வைத்துக்கொள்ளும். கல் பழுப்பது என்பான் அதை. கல் பழுத்த தொட்டிக்குத்தான் வேலை குறைவு. கல்லுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "நமக்குள்ள என்னடா" என்றான்.

இரண்டு கல்லைப் பாலம் போல ஒட்டியது பெரியவன். பசை கொஞ்சம் அதிகமாகி ஓரத்தில் மூக்குச்சளி மாதிரி வழிந்து காய்ந்துவிட்டது. பழுப்பாக அழுக்குப் படிந்தபோது அம்மா தேய்க்கப் போனாள். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் தங்கச்சி, தானா போயிரும்" என்று தடுத்தான். தானாகவே போனது. பனி விழுந்த ராத்திரிகளில் நான் தொட்டிக்குக் கம்பளி போர்த்திவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, ஒரு குல்லாவும் மாட்டி விட வேண்டியதுதான?" என்று அவன் கேட்க, நீங்கள் உருண்டு உருண்டு சிரித்தீர்கள்.

கடைசியில், பழுத்ததற்கு அடையாளமாக, கல்லில் ஊதாத் திட்டு படர்ந்தது. பவளத் துண்டுகள் ஒட்டினோம். மீன் இரண்டும் வந்தன. வேலைக்குக் கிளம்பும் முன் அதன் எதிரில் நின்றுகொண்டே டீ குடிப்பேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கவுஞ்சிப் பக்கம் சவாரி போயிருந்தேன். அங்கே சிக்னல் கிடைக்காது. அது அவனுக்குத் தெரியும். அம்மா வேலைக்குப் போன பிறகு தெர்மகோல் பெட்டிகளோடு வந்திருக்கிறான். "அப்பாகிட்ட சொல்லியாச்சு. தொட்டியக் கழுவணும். கல்லையும் மீனையும் ரெண்டு நாள்ல கொண்டாந்துருவேன்" என்றிருக்கிறான். பெரியவன் பெட்டி தூக்கினான். சின்னவள் எந்தக் கல்லுக்குக் கீழே மீன் தூங்கும் என்று காட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் நான் வந்ததும் இருவரும் சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. கடை பூட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் சின்னவள், "நான்தானப்பா காட்டிக் குடுத்தேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் ஒரு குடும்பத்தைப் புது ரிசார்ட் ஒன்றில் இறக்கிவிடப் போனேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், வரவேற்பறையில் பெரிய தொட்டி. நடுவில் பாலக் கல். ஓரத்தில் வழிந்து காய்ந்த பசை. அதன் கீழே நம் மீன் இரண்டும். ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து இறங்கினான்.

"மாப்ள, கோவிச்சுக்காத. தெறப்பு விழாவத் திடீர்னு முன்னாடி வச்சுட்டாங்க. பழுத்த கல்லுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"புள்ளைககிட்ட ஏன்டா பொய் சொன்ன?"

"ஒங்கிட்டக் கேட்டா நீ குடுத்திருப்பியா?"

இதை அவன் சண்டைக்குச் சொல்லவில்லை. நியாயம் சொல்வது மாதிரிதான் சொன்னான்.

அதற்குள் மேனேஜர் வந்து கைகொடுத்தார். "ஓ, உங்க வீட்லதானா சார்? டேங்க் ஆர்டர் குடுத்த அன்னைக்கே சொன்னாரு, ஒரு ஃப்ரெண்டு வீட்ல கல்லு ரெடி பண்ணப் போறேன்னு. சூப்பரா வளத்திருக்கீங்க."

ஆர்டர் கொடுத்த அன்றைக்கே. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, அடுப்படிச் சுவர், குல்லாச் சிரிப்பு எல்லாம் இதற்குத்தான். கல்லை எடுத்துக்கொண்டு போனது கூடப் பெரிதில்லை. திட்டம் நம்முடையது என்று இத்தனை மாதம் நம்மை நம்ப வைத்திருந்தானே.

"ஒனக்கு வேற கல்லு தர்றேன், வெரசா போட்டுருவோம்" என்றான். "நீ வச்ச கல்லையெல்லாம் நீயே வச்சுக்க. எங்க வீட்டுப் பக்கம் வராத" என்றேன். அவன் ஏணியை மடக்கிக்கொண்டு மேனேஜர் பின்னால் போய்விட்டான்.

அதனால்தான் சொல்கிறேன். பெரியவனைப் பெட்டி தூக்கச் சொன்னதும் அவன்தான், சின்னவளைக் காட்டச் சொன்னதும் அவன்தான். பெரியவர் ஒருவர் "அப்பாகிட்ட சொல்லியாச்சு" என்றால் பிள்ளைகள் நம்பத்தான் செய்வார்கள். இனியும் நம்புங்கள். எனக்கு ஒரு போன் மட்டும் போட்டுவிட்டு நம்புங்கள்.

அன்றைக்கு அவனும் மேனேஜரும் போன பிறகு வரவேற்பறையில் நான் மட்டும் இருந்தேன். புதிதாக விட்டிருந்த நத்தை ஒன்று மணலில் மல்லாந்து கிடந்தது. அந்த வகை நத்தை சில சமயம் தானாகத் திரும்ப முடியாமல் செத்துப்போகும். ஸ்வெட்டர் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டு, அதைத் திருப்பி வைத்தேன்.