மூன்று பேரிடம் சொன்ன உளுந்து

இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. எங்கள் வீட்டில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, உளுந்து மூட்டைகளின் மேல் பாய் விரித்துப் படுத்த காலம் ஒன்று உண்டு.

அரிசி பருப்புகூட சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டிய தீவு எங்களுடையது. அங்கே மின்னி பே வீட்டு வாசலில் இட்லி மாவுக் கடை போட்ட புதிது. கிரைண்டர் ஒன்று, ஆள் நான் ஒருத்தி. தபாலில் எம்.பி.ஏ. வேறு படித்துக்கொண்டிருந்தேன். சரக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று கணக்குப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வை, ஆபத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு வை என்றது பாடம். அதை எழுதிய மகராசன் எங்கள் கப்பலைப் பார்த்ததே இல்லை! கடலுக்கும் காற்றுக்கும் மனம் வந்தால்தான் எங்களுக்குச் சரக்கு.

ஹேடோவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், மகள் கல்யாணத்துக் காலைப் பலகாரத்துக்கு மாவு முழுவதையும் என்னிடம் சொன்னார். என் முதல் பெரிய ஆர்டர். தரையில் கால் பாவவில்லை எனக்கு.

"உளுந்து நம்ம கடையிலேருந்தே வரும் தங்கச்சி. ஷிப் வந்துக்கிட்டிருக்கு, ஃபிகர் மத் கரோ, கவலையே வேணாம்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. "இது சொதப்புச்சுன்னா கிரைண்டரை வித்துட்டு நிம்மதியா இரு" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "சொதப்பினா நானே விக்கிறேன், போதுமா?" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கடையை விட்டால் எனக்கென்று வேறு என்ன இருந்தது?

கப்பல் தள்ளிப்போனது. எங்கள் தீவுக்காரர்கள் எந்தச் சாமானையும் ஒருவரிடம் மட்டும் சொல்வதில்லை. ஒருவர் சரக்கு சென்னையிலேயே தங்கிவிட்டால் இன்னொருவருடையதாவது வருமே! நானும் பாய்க்குத் தெரியாமல் வேறொரு கடையில் சொன்னேன். எனக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் இன்னொரு இடத்தில் சொல்லியிருந்தார். மூன்றும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. கூடம், படுக்கையறை, பூஜை அலமாரிக்குக் கீழே என்று எங்கு பார்த்தாலும் மூட்டை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தோம், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அரிசியும் உளுந்துமாக அண்டா அண்டாவாக ஊறப்போட்டேன். மத்தியானம் அரைக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. உளுந்தை எண்ணி எண்ணிப் பார்த்தவள் கிரைண்டரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது ஒன்றே ஒன்று. மறுநாள் மத்தியானம்வரை ஓடினாலும் முடியாது.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். தெலுங்கு அத்தை தன் கிரைண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மலையாளச் சேச்சியும் வந்தார். உளுந்து அரைத்தே பழக்கமில்லாத எதிர்வீட்டுப் பெங்காலி தீதி மிக்சியோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் என் வீட்டிலேயே சொருகிப் போட்டோம். டப்பென்று ஒரு சத்தம், வீடே அடங்கிவிட்டது. பியூஸ் போய்விட்டது!

"அரே பாப்ரே!" என்று தீதி நெஞ்சில் கைவைத்தார். சேச்சிக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவங்கவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க, ஊறினதை நான் கொண்டுவந்து குடுக்கறேன்" என்று கத்தினேன். பியூஸ் கட்டை போட்டுவிட்டு வீட்டுக்காரரும் வாளியைத் தூக்கினார். பொழுது சாய்வதற்குள் அரைத்து முடித்தோம். எல்லா மாவையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி உப்புப் போட்டேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மாவுக்குப் பொங்கச் சொல்லியா தர வேண்டும்? விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

பந்தியில் இட்லி பஞ்சாக இருந்தது. கேம்பல் பேயிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பாய் என்னைக் கூப்பிட்டு, "மானத்தைக் காப்பாத்திட்டம்மா" என்றார். அழுதுவிடுவேன் போலிருந்தது.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் பாத்திரங்களோடு ஒரு கூட்டம். முன்னால் நின்றவர் தீதி. "நான் அரைச்சது எனக்கே புடிச்சுப் போச்சு, மாவு தே தோ" என்று பாத்திரத்தை நீட்டினார். மாவு போதவில்லை. பாதிப் பேரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.

உள்ளே வீட்டுக்காரர் போனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். கிரைண்டரை விலை பேசுகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"யாருக்குப் போன்?"

"உனக்கு இன்னொரு கிரைண்டர் சொல்லியிருக்கேன். பெருசு. அடுத்த ஷிப்ல வரும்."

அவர் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"ஒருத்தர்கிட்டதானே சொன்னீங்க?"

அவர் மூட்டைகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஷிப்பை நம்ப முடியுமா? மூணு பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."