கம்பத்தைத் தொட்டதும் திரும்பிவிட்டோம்

இன்று சிவகாசி ஜிம்மில் கம்பத்தைப் பிடித்துச் சுற்றும் போல் டான்ஸ் முதல் வகுப்பு. நானும், என்னோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வியும் போயிருந்தோம்.

"வந்து கம்பத்தைப் பிடிங்க" என்றார் சென்னையிலிருந்து வந்த மேடம்.

செல்வி உள்ளங்கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். நானும் அப்படியே.

மேடம் முழித்தார். "சாமி கும்பிடுறீங்களா?"

"இல்ல மேடம், உடம்புல இருக்க கரண்டு இறங்கணும்ல! கம்பெனில வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன வாசல்ல செம்புக் கம்பியத் தொடுவோம். பழகிப்போச்சு" என்றேன்.

மேடம் சிரித்து முடிக்கவே நேரமானது.

பிறகு இறுக்கிப் பிடித்து, காலைத் தூக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றினேன்!

"அடியே, விட்ராத!" என்று செல்வி கத்தினாள்.

இனி கவலையெல்லாம் நாளைக் காலையைப் பற்றித்தான். செம்புக் கம்பியைத் தொட்டதும் கால் தானாகத் தூக்கிக்கொண்டால், ஃபோர்மேனிடம் என்ன சொல்வது?